எட்டுப் பேருக்கு இடம்

1. திங்கட்கிழமைக் காலை

“என்னை மட்டும் ஏன் உள்ளை விடுதில்லை? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?”

ஃபிராவ் கொவால்ஸ்கி இதைக் கேட்டது கொம்பியூட்டரைப் பார்த்து. ஆனால் கேள்வி எனக்குத்தான் என்பது அறையிலிருந்த மற்ற ஏழு பேருக்கும் விளங்கியது. ஏழு பேரும் சொல்லிவைத்தாற்போலக் குனிந்து தங்கள் தங்கள் திரையைப் பார்த்தார்கள். அந்த ஏழு திரைகளிலும் டேற்றாபேஸ் அழகாகத் திறந்திருந்தது. அவருடைய திரையில் மட்டும் நான் எழுதிவைத்த ஒரு வசனம் நின்றது: “தற்சமயம் உள்ளே செல்ல முடியவில்லை. தயவுசெய்து கொம்பியூட்டர் பிரிவை அணுகவும்.”

கொம்பியூட்டர் பிரிவு என்றால் நான். நான் ஒருத்திதான்.

அவர்கள் எல்லோரும் பேசியது டொச் மொழியில். எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்து பழகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். திருமதிக்கு ஃபிராவ், திருவுக்கு ஹெர் என்ற அவர்களுடைய சொற்களை மட்டும் மாற்றவில்லை.

இது 1988இல் ஜேர்மனியில் எசன் நகரத்தில் நடந்தது. ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம். அதற்கு நகரம் முழுக்க வாடகை வீடுகள். யார் எந்த வீட்டில் இருக்கிறார், எது காலி, எங்கே குழாய் ஒழுகுகிறது எல்லாம் மரப்பெட்டிகளில் கார்ட்டுகளாக இருந்தன. அவற்றை ஒரே டேற்றாபேஸில் ஏற்றி, எட்டு மேசைகளில் எட்டுக் கொம்பியூட்டர் வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிக்கும்படி செய்ய என்னை எடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தவள் நான். எசனுக்கு வந்து ஒரு வருடம் கொம்பியூட்டர் படித்தேன். எனக்கு ஆறு மாதம் சோதனைக்காலம். அது அந்த வாரத்தோடு முடிகிறது.

என் கணவர் கருணாவின் அகதி விண்ணப்பம் அதற்கு முன்னமே ஏற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் நாங்கள் இன்னும் ஹைம் என்கிற அகதி விடுதியில் ஓர் அறையில்தான் இருந்தோம். மாடிக்கு ஒரு சமையலறை. என் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு எவரும் வீடு தரமாட்டார்கள். இந்தச் சங்கமும் அப்படித்தான்.

கார்ட்டுகளை டேற்றாபேஸில் ஏற்றும்போது ஒரு வீடு என் கையில் வந்தது. இலக்கம் 217. மூன்றாம் மாடி, இரண்டு அறை, தனிச் சமையலறை, காலி. வேலை நிரந்தரமானால் நானும் விண்ணப்பிக்கலாம் என்று மனேஜர் ஹெர் பிரிங்க்மன் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த இலக்கத்தை நான் பாடமாக்கவில்லை. அது தானாகவே பாடமாகிவிட்டது.

திங்கட்கிழமை அந்தச் சத்தம் கேட்டு ஹெர் பிரிங்க்மன் கதவடியில் வந்து நின்றார். உயரமான மனிதர், சிரிப்பதை வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தவர்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிர்வாகசபை வருது. அப்ப எட்டுப் பேரும் உள்ளை இருக்கோணும். இல்லாட்டி கார்ட்டுப் பெட்டியளைத் திருப்பி மேலை ஏத்துவம். பிறகு உங்கடை சோதனைக்காலத்தைப் பற்றியும் வேறை மாதிரித்தான் கதைக்க வேண்டிவரும்.”

கார்ட்டுப் பெட்டிகளை நிலவறையில் வைத்துப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தவரும் அவர்தான்.

2. எல்லாம் சரி, எதுவும் வேலை செய்யவில்லை

ஃபிராவ் கொவால்ஸ்கி முப்பது வருடமாக அந்தக் கந்தோரில் இருந்தவர். காலி வீடுகளை வாடகைக்குக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. கார்ட்டுப் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால், கேட்ட கார்ட் வரும். டொச்சுக்காரருக்குக் ‘கூர்’ என்று ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்தால் மூன்று வாரம் கடற்கரைப் பக்கமாகப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவார்கள். அவர் அப்படிப் போயிருந்த மூன்று வாரத்தில்தான் நான் நெற்வேர்க்கைப் பூட்டிச் சோதித்து முடித்தேன். ஏழு பேரும் உள்ளே போனார்கள், எல்லாம் ஓடியது. நான் உள்ளூர மார்தட்டிக்கொண்டேன். எட்டாவது ஆள் திரும்பி வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

“மூண்டு கிழமை நிண்டிட்டு வாறன், என்ரை கார்ட்டுகளும் இல்லை, கதவும் இல்லை,” என்றார். கோபத்தில் சொன்னாலும் எனக்கு அதில் பயம் கேட்டது. தன்னை மெல்லமாக வெளியே தள்ளுகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கு அது என் பயத்தை விடப் பாரமாக இருந்தது.

அப்போதே அவருக்கு முன்னால் ஒரு புதுமணத் தம்பதி, வீடு பார்க்க டேர்மீன், அதாவது நேரம் குறித்து, எடுத்து வந்து காத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு 217ஐக் காட்டப்போவதாக அவர் சொன்னது என் காதில் விழுந்தது. திரை திறக்காததால் அவர், மனதில் இருந்த வேறொரு விலாசத்தைத் துண்டில் எழுதிக்கொடுத்தார். “கீழ்த்தளத்து வீடு, பின்னாலை சின்னத் தோட்டம், போய்ப் பாருங்கோ.” அவர்கள் போனார்கள். நான் மேசைக்கடியில் கேபிளைப் பார்ப்பதுபோலக் குனிந்து பெருமூச்சு விட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

பிறகு வேலையைத் தொடங்கினேன். பாஸ்வேர்டை அழித்துப் புதிதாகக் கொடுத்தேன். சரிவரவில்லை. அவருடைய உரிமைகளைப் பக்கத்து மேசை ஹெர் வெபரின் உரிமைகளோடு வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஹெர் வெபரை வெளியே வரச் சொல்லி, அவருடைய கொம்பியூட்டரில் ஃபிராவ் கொவால்ஸ்கியை உட்காரவைத்தேன். பெயரைத் தட்டினார், உடனே திறந்தது.

“அப்ப ஆளிலை பிழை இல்லை, மெஷினிலைதான் பிழை,” என்றேன் வெற்றியோடு.

செவ்வாய்க்கிழமை மெஷினை மாற்றினேன். மற்றவர்கள் தங்கள் கொம்பியூட்டரை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் நானே அவருடைய பெயரில் போய்ப் பார்த்தேன். திறந்தது! மூடிவைத்துவிட்டுப் போய் நிம்மதியாகச் சாண்ட்விச் சாப்பிட்டேன். ஒரு மணிக்கு, மற்றவர்களுக்குப் பின்னால், அவர் வந்து உட்கார்ந்தார். “தற்சமயம் உள்ளே செல்ல முடியவில்லை.”

“உங்களுக்கு எண்டால் திறக்குது. எனக்கு எண்டால் பூட்டுது. கொம்பியூட்டருக்கும் ஆள் தெரியுது,” என்றார்.

புதன்கிழமை நெற்வேர்க் கார்ட்டைக் கழற்றி மாற்றினேன். மேசை மேசையாக முழங்காலில் நகர்ந்து கேபிள் முனைகள் எல்லாவற்றையும் இறுக்கினேன். என் சேலை விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த நாளிலிருந்து காற்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கியதுதான் அந்த நாளின் ஒரே பலன்.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலையும் மூன்று நாளும் பார்த்தேன். கொவால்ஸ்கி பெயர் இல்லை. இல்லைத்தானே, அதுதானே பிரச்சினை என்று மூடிவிட்டேன்.

3. பருப்பும் சட்டியும்

புதன் பின்னேரம் ஹைம் சமையலறையில் பருப்பைத் துழாவிக்கொண்டு நின்றேன். கருணா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ரெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலை. நான் மூன்று வெங்காயம் உரிக்கும் நேரத்தில் அவர் பதின்மூன்று உரிப்பார்.

“நீர் எல்லாத்தையும் பாத்திட்டீரோ?”

“ஓமப்பா, பாக்காத இடம் இல்லை. ஒவ்வொண்டையும் தனித்தனியாப் பாத்தால் எல்லாம் சரியாத்தான் இருக்கு. எல்லாரும் சேர்ந்தால்தான் பிழை வருது.”

“எங்கடை அடுப்படியும் அப்பிடித்தானே,” என்றார் அவர். நாலு அடுப்பிலும் நாலு குடும்பத்தின் சட்டி இருந்தது. ஐந்தாவது குடும்பம் சட்டியோடு வாசலில் காத்து நின்றது.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கணித ஆசிரியைக்கு அவ்வளவும் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் நான் வாசலில் நின்ற பெண்ணிடம் “இன்னும் அஞ்சு நிமிஷம் அக்கா” என்று சொல்லிவிட்டு, நாளைக்கு எந்தக் கேபிளை மாற்றலாம் என்று யோசித்தேன்.

4. வியாழக்கிழமை

ஃபிராவ் கொவால்ஸ்கி வழக்கமாக எட்டு இருபதுக்கு வருவார். பேரப்பிள்ளையைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டுத்தான் வருவார். வியாழக்கிழமை அதற்கு விடுமுறை. ஆகவே ஏழரைக்கே வந்துவிட்டார். நான் சின்ன அறையில் என் காலை வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இஞ்சை பாருங்கோ! விட்டிட்டுது!”

எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. என்ன செய்து சரிவந்தது என்று தெரியவில்லை. கேபிளாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருவருக்கும் கோப்பி ஊற்றினேன்.

எட்டேகாலுக்கு ஹெர் வெபர் குரல் கொடுத்தார். “மன்னியுங்கோ, இண்டைக்கு என்னை விடுதில்லை.”

கோப்பியை வைத்தேன். கடைசியாக வந்தவர் அவர். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடைசியாக வந்தவர் ஃபிராவ் கொவால்ஸ்கி. ஆளும் காரணமில்லை, மெஷினும் காரணமில்லை, கடைசியாக வருவதுதான் காரணம். நான் செய்த ஒவ்வொரு சோதனையிலும் ஒருவரை வெளியே எழுப்பிவிட்டோ, எல்லோரும் சாப்பிடப் போன பிறகோதான் மற்றவரை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு எப்படித் திறக்காமல் இருக்கும்?

என் புரோகிராமைத் திறந்து அந்த மரியாதையான வசனத்தை முதலில் அழித்தேன். எரர் நம்பரைக் கண்டு சனம் பயந்துவிடக்கூடாது என்று, என்ன பிழை வந்தாலும் அந்த ஒரே வசனம் வரும்படி எழுதியவள் நான்தான். இப்போது அதற்குக் கீழே ஒளிந்திருந்த உண்மையான செய்தி வந்தது: அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை நிறைந்துவிட்டது.

எட்டுப் பேருக்கான நெற்வேர்க் அது. எட்டு மேசையை எண்ணி, எட்டு என்று எழுதி வாங்கியவளும் நான்தான். ஏழு பேர் உள்ளே, ஹெர் வெபர் வெளியே. அப்படியானால் எட்டாவது இடத்தில் யார்?

பட்டியலை எடுத்தேன். இந்த முறை விரலை வைத்து எண்ணினேன். முதலாவது வரியில் இருந்த பெயர்: பிள்ளையார்.

சிரிப்பு வந்தது. பிறகு இன்னொருமுறை விரலை வைத்து எண்ணினேன். பிறகு திரும்பவும் சிரிப்பு வந்தது.

நடந்தது இதுதான். சின்ன அறையில் சேர்வரோடு இன்னொரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அதிலிருந்துதான் பார்ப்பேன், அதிலிருந்துதான் பிரதி எடுப்பேன். அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நெற்வேர்க்கில் நான் உண்டாக்கிய முதலாவது பெயர் அது. எந்தத் தாளை எடுத்தாலும் மேலே ‘உ’ என்று சுழி போடாமல் ஒரு எழுத்து எழுதியறியாத கை இது. சேர்வரில் சுழி போட முடியாது. ஆகவே, பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் பிள்ளையார் என்று தட்டி, எல்லா உரிமையும் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அதன் பின் தினமும் காலையில் முதல் வேலை அந்தக் கொம்பியூட்டரில் பிள்ளையாரை உள்ளே அனுப்புவது. அவர் பின்னேரம் வரை அங்கேயே இருப்பார்.

மூன்று நாள் அந்தப் பட்டியலைப் பார்த்தும் அவர் என் கண்ணில் படவில்லை. கடிதம் வாசிக்கும்போது நாங்கள் சுழியை வாசிக்கிறோமா? அது கடிதத்தில் சேர்த்தியில்லை. அதற்குக் கீழேயிருந்துதான் கண் வேலை செய்யத் தொடங்கும். நானும் அப்படியே இரண்டாவது வரியிலிருந்து வாசித்திருக்கிறேன். ஒரு டொச்சுக்காரி இந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே பிடித்திருப்பாள்.

5. ஹெர் பிள்ளையார்

சத்தமில்லாமல் அழித்துவிடலாம். ஒருவருக்கும் தெரியவராது. அந்த எண்ணம் வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் மூன்று நாள் ஒரு மனுஷி தன்னைத் துரத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு உண்மையான காரணம் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு ஹெர் பிரிங்க்மனின் அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்தே வாசித்தார்.

“ஹெர் பிள்ளையார். ஆர் இவர்? எந்தப் பிரிவு?”

“பிரிவு ஒண்டும் இல்லை. அவர் கடவுள். யானை முகம். நாங்கள் எந்த வேலை தொடங்கினாலும் முதல் அவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குறது. என்ரை கை பழக்கத்திலை செய்திட்டுது. எட்டு இடத்திலை ஒண்டை அவருக்குக் குடுத்துப்போட்டு, குடுத்ததையே மறந்திட்டன். பிழை முழுக்க என்னுடையது.”

ஹெர் பிரிங்க்மன் திரும்பவும் தாளைப் பார்த்தார்.

“எல்லாக் குடியிருப்பாளரின்ரை விபரமும் இவர் பாக்கலாம்?”

“ஓம்.”

“தரவு இரகசியப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சவரோ?”

அந்தப் பத்திரத்தில் கந்தோரில் எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தோம். அவர் கேலி செய்கிறாரா, கேள்வி கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இல்லை,” என்றேன்.

“அப்ப இண்டைக்கே வேலையாலை நிப்பாட்டுங்கோ.”

ஃபிராவ் கொவால்ஸ்கி ஓரடி முன்னுக்கு வந்தார்.

“ஒரு நிமிஷம். அந்த ஹெர் பிள்ளையார் வந்து மூண்டு கிழமைதான். சோதனைக்காலத்திலை ஒரு பிழை விட்டால் உடனை அனுப்பிறதோ? நான் வந்த புதிசிலை ஒரு தெருவையே தவறான பெட்டிக்குள்ளை போட்டனான். என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை.”

அவர் பேசியது பிள்ளையாருக்காக. ஆனால் அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. ஹெர் பிரிங்க்மன் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வருடத்துக் கணக்கிலிருந்து ஒரு சிரிப்பை எடுத்துச் செலவழித்தார்.

“பிழையைத் தானே பிடிச்சு, தானே கொண்டந்து தந்த ஆளை அனுப்பிறேல்லை. நாளைக்குப் பத்து மணி. எட்டுப் பேர். மனிசர் எட்டுப் பேர்.”

6. வெள்ளிக்கிழமை

அன்று காலை சின்ன அறையில் பழைய கொம்பியூட்டரை நான் தொடவில்லை. பிரதி எடுப்பதை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு செய்வது என்று மாற்றி எழுதியிருந்தேன். பிள்ளையார் என்ற பெயரை முதல் நாள் பின்னேரமே அழித்துவிட்டேன். அழிக்கும்போது வாய் தானாக “குறை நினையாதையுங்கோ” என்று சொன்னது.

பத்து மணிக்கு நிர்வாகசபையினர் நாலு பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். ஒவ்வொருவராகப் பெயரைத் தட்டினார்கள். ஏழு திரை திறந்தது. ஃபிராவ் கொவால்ஸ்கி வேண்டுமென்றே கடைசியாக வந்தார். கையில் கோப்பிக் கோப்பை, கழுத்தில் புதிய ஸ்காஃப். ஆறுதலாக உட்கார்ந்து, ஆறுதலாகத் தட்டினார்.

திறந்தது.

அவர் எழும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஹெர் வெபர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். நிர்வாகசபையினருக்குக் காரணம் விளங்காவிட்டாலும் அவர்களும் தட்டினார்கள். நெற்வேர்க்கைச் சங்கம் பொறுப்பேற்கும் பத்திரத்தை நான் நீட்டியபோது ஹெர் பிரிங்க்மன் பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினார்.

“உங்கடை ஆளிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குறது எண்டு சொன்னீங்கள். இதிலை ஒண்டையும் காணேல்லை?”

நான் பத்திரத்தின் தலையில் சின்னதாக ‘உ’ போட்டேன். அவர் அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

7. இலக்கம் 217

வேலை நிரந்தரமானது. கருணாவிடம் முழுக்கதையும் சொன்னபோது அவர் வெங்காயத்தை வைத்துவிட்டுச் சிரித்தார். “வாசல் காக்கிறது அவருக்குப் புதுசோ? அதுதானே அவரின்ரை முதல் உத்தியோகம்.” அந்தப் புதுமணத் தம்பதி தோட்டத்து வீட்டையே விரும்பி எடுத்துவிட்டது. நான் விண்ணப்பத்தை ஃபிராவ் கொவால்ஸ்கியின் மேசையில் வைத்தேன்.

பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ பேரை எத்தனையோ டேற்றாபேஸுக்குள் ஏற்றியிருக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அந்த வாரத்தில் படித்ததைத்தான். பிழைச் செய்தியை அழகுபடுத்தி மறைக்காதீர்கள். ஒருவரை எழுப்பிவிட்டு மற்றவரைச் சோதிக்காதீர்கள், எல்லோரையும் இருத்திவைத்துச் சோதியுங்கள். எண்ணும்போது முதலில் உங்களை எண்ணுங்கள். அதிலும், இது எண்ணிக்கையில் சேர்த்தியில்லை என்று உங்கள் கை பழக்கத்தில் செய்ததை எண்ணுங்கள்.

விண்ணப்பம் கொடுத்து இரண்டு கிழமை கழித்து ஃபிராவ் கொவால்ஸ்கி என்னை மேசைக்குக் கூப்பிட்டார். திரையில் 217 திறந்திருந்தது. காலி என்ற சொல்லை அவர் என் கண்முன்னால் அழித்தார். என் பெயரை, அந்த நீளமான பெயரை, ஒரு எழுத்தும் பிழைவிடாமல் ஒவ்வொன்றாகத் தட்டினார். கீழே குறிப்பு எழுதும் இடம் ஒன்று உண்டு. குழாய் ஒழுகினால், கண்ணாடி உடைந்தால் எழுதுவதற்கு. அங்கே போய் ஒரு 2 தட்டினார். அதற்குப் பக்கத்தில் ஒரு கீழ்க்கோடு தட்டினார்: 2_

“இதிலை உங்கடை எழுத்து இல்லை. இவ்வளவுதான் என்னாலை ஏலும்,” என்றார். “தலையிலை போடோணும் எண்டு தெரியும். ஆனால் மேலை இடம் இல்லை.”

“பறவாயில்லை,” என்றேன். “அவருக்கு எங்கை இடம் குடுத்தாலும் இருப்பார்.”

அவர் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். நான் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். வீடு மாறுவதற்கு முதல் நாள் மாலை எங்கள் ஹைம் சமையலறையில் கடைசி முறையாகப் பருப்பு வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்த எல்லோருக்கும் ஒரு அகப்பை ஊற்றிக் கொடுத்தேன்.